குக்கர் விசிலுக்கு ஓடுகிறவன் ரேஸ் பார்க்கலாமா?

கேள்வி: டாக்டரம்மாவுக்கு வணக்கம். எனக்கு 26 வயது. ஊர் தேவகோட்டைப் பக்கம். காரைக்குடியில் ஒரு ஜவுளிக்கடையில் கணக்கு எழுதுகிறேன். எனக்கு ஆட்டிசம் இருப்பது 22 வயதில்தான் தெரிய வந்தது. குக்கர் விசில், மிக்சி, கல்யாண வீட்டுக் கெட்டிமேளம், திடீரென்று போடும் வேட்டு எதையும் தாங்க முடியாது. ஆனால் ஒன்பது வயதிலிருந்து கார் பந்தயம் என்றால் உயிர். கண்ணை மூடிக்கொண்டு கேட்டாலும் எந்தக் காலத்து ஃபார்முலா ஒன் இன்ஜின் என்று சொல்லிவிடுவேன். 2024 ஆகஸ்ட் கடைசியில் சென்னைத் தீவுத்திடலைச் சுற்றி நடந்த இரவுப் பந்தயத்துக்கு டிக்கெட் எடுத்துப் போனேன். உள்ளே போய்க் கால் மணி நேரத்தில் கை நடுங்கி, பேச்சு நின்றுபோய், அம்மான் மகன்தான் வெளியே கூட்டி வந்தான். இப்போது சென்னைக்குப் பக்கத்தில் இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடத்துக்குப் போகலாம் என்று அவனே கூப்பிடுகிறான். 'குக்கர் விசிலுக்கு ஓடுறவனுக்கு ரேஸ் கேக்குதாக்கும்' என்று அப்பச்சி (எங்கள் பக்கம் அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவோம்) சிரிக்கிறார்கள். அது சரிதானோ என்று எனக்கும் தோன்றுகிறது. நான் போகலாமா? ஹெட்போன் மாட்டிக்கொண்டால் போதுமா?

பதில்: போகலாம் தம்பி. ஹெட்போன் மட்டும் போதாது. அதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் ஒரு திருத்தம். நான் டாக்டர் இல்லை, ஆடியாலஜிஸ்ட். காது கேட்கிறதா, எவ்வளவு கேட்கிறது என்று பார்க்கிறவள். இந்த ஊரில் வெள்ளைக் கோட்டு போட்டவர்கள் எல்லாரும் டாக்டரம்மாதான், இருபது வருடமாகத் திருத்திப் பார்த்து விட்டுவிட்டேன்.

உங்கள் அப்பச்சி சொன்னதில் ஒரு கணக்குத் தப்பு இருக்கிறது. சத்தம் என்பது ஒரே சரக்கு, கொஞ்சமாக இருந்தால் குக்கர், நிறைய இருந்தால் ரேஸ் என்று அவர்கள் நினைக்கிறார்கள். நிறையப் பேர் அப்படித்தான் நினைக்கிறார்கள். ஆட்டிசம் உள்ளவர்களின் காதைப் பரிசோதித்தால் பெரும்பாலும் எல்லாரையும் போலத்தான் இருக்கும். வித்தியாசம் அதற்கு மேலே, மூளை அந்தச் சத்தத்தை வாங்கிக்கொள்ளும் விதத்தில். குக்கர் எப்போது கத்தும் என்று யாருக்கும் தெரியாது. வேட்டு எந்த நிமிடம் வெடிக்கும் என்று தெரியாது. அந்தத் 'தெரியாது'தான் உங்களை உலுக்குகிறது. பந்தயக் கார் அப்படியா? தூரத்தில் கேட்கிறது, வருகிறது, உங்களைக் கடக்கும்போது சுருதி இறங்குகிறது, போய்விடுகிறது. மறுபடி எப்போது வரும் என்று உங்களுக்கு நொடிக்கணக்கில் தெரியும். இருங்காட்டுக்கோட்டைத் தடம் 3.717 கிலோமீட்டர், 12 வளைவுகள். ஒரு சுற்றுக்குச் சுமார் ஒன்றரை முதல் இரண்டு நிமிடம். குக்கர் இப்படிச் சொல்லிவிட்டு வருவதில்லை.

கல்யாண வீட்டைப் பற்றி எழுதியிருந்தீர்கள். அதற்கு உங்கள் மேல் பழி போடாதீர்கள், கொஞ்சம் பழி வீட்டுக்கும் உண்டு. நம் பக்கத்து வீடுகளை ஒலிக் கண்ணோடு பாருங்கள். முட்டை வெள்ளைக்கரு சேர்த்துப் பூசி இழைத்த சுண்ணாம்புச் சுவர், கண்ணாடி மாதிரி வழவழவென்று. கீழே ஆத்தங்குடிக் கல். மேலே உயரமான கூரை. முற்றத்தைச் சுற்றிய வளவில் நான்கு பக்கமும் தூண். சத்தத்தை உறிஞ்சிக்கொள்ள ஒரு துணி, ஒரு மெத்தை கிடையாது. தவில்காரர் கெட்டிமேளம் கொட்டினால் ஒவ்வொரு அடியும் சுவரில் பட்டு, தரையில் பட்டு, நாலைந்து தடவை உங்களிடம் திரும்பி வருகிறது. ஒரு கல்யாணத்தில் சும்மா என் கைப்பேசிச் செயலியில் அளந்து பார்த்தேன், நூறு டெசிபெல்லைத் தாண்டிக் காட்டியது. செயலி துல்லியமில்லை, ஆனாலும் பக்கத்திலிருந்த பெரியவர்கள் எல்லாரும் முகத்தைச் சுளித்துக்கொண்டுதான் அட்சதை போட்டார்கள். வெயிலுக்கு அந்த வீடு சொர்க்கம். ஓசைக்கு அதைவிட மோசமான இடத்தைக் கட்டுவது கஷ்டம்.

சென்னையில் உங்களுக்கு நடந்ததும் அதன் பெரிய வடிவம்தான். தெருப் பந்தயம் என்றால் தடத்தின் இரு பக்கமும் கான்கிரீட் தடுப்பு, சுற்றிலும் கட்டடங்கள். சத்தத்துக்கு வெளியே போக வழியில்லை. அதோடு இரவு, கண்ணில் குத்தும் விளக்கு, ஒலிபெருக்கி, கூட்டம், ஆகஸ்ட் மாதத்துப் புழுக்கம். அந்த ஒரு நாளை வைத்து 'எனக்கு ரேஸ் ஒத்துவராது' என்று முடிவெடுத்தால், வளவில் கெட்டிமேளம் கேட்டுவிட்டு 'எனக்குச் சங்கீதமே ஆகாது' என்று சொல்வது போலத்தான். இருங்காட்டுக்கோட்டை 1990-இல் பந்தயத்துக்கென்றே திறந்த தடம். வெட்டவெளி. சத்தம் உங்களைத் தாண்டிப் போனால் போனதுதான்.

சரி, இதுவரை மூளையின் பக்கம். இப்போது காதின் பக்கம். உங்களைப் போன்றவர்களிடம் எனக்குப் பயமே இங்கேதான். உங்களுக்குப் பிடித்த சத்தம் என்பதற்காக உள்காதில் இருக்கும் மயிர்ச்செல்கள் சலுகை தராது. செத்தால் திரும்ப முளைக்காது. வேலையிடச் சத்தத்துக்கு வல்லுநர்கள் வைத்திருக்கும் ஒரு கணக்கு இருக்கிறது: 85 டெசிபெல் என்றால் ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம். அதற்கு மேல் ஒவ்வொரு மூன்று டெசிபெல்லுக்கும் நேரம் பாதியாகும். 88-க்கு நாலு மணி நேரம், 91-க்கு இரண்டு. இப்படியே போனால் 100-க்குக் கால் மணி நேரம்தான். வேலிக்குப் பக்கத்தில் நின்றால் பந்தயக் கார்கள் நூறை எளிதாகத் தொடும். உள்ளூர்ப் பந்தயங்களில் ஓடும் எல்ஜிபி ஃபார்முலா 4 போன்ற கார்கள் 1,300 சிசிதான், நீங்கள் யூடியூபில் உருகும் 2013 வரைக்குமான ஃபார்முலா ஒன் வி8 இன்ஜின்கள் அளவுக்குக் காது கிழியாது. ஆனாலும் இருபது கார் ஒரே நேரத்தில் கிளம்பும்போது சிசி கணக்கெல்லாம் காதுக்குத் தெரியாது.

என்னிடம் வரும் ஒரு ஐயா, எழுபதைத் தாண்டியவர். இருங்காட்டுக்கோட்டைக்கு முன்பு சோழவரத்தில் பழைய விமான ஓடுதளத்தில் பந்தயம் நடந்த காலத்தில் தவறாமல் போனவர். காதில் ஒன்றும் வைத்துக்கொண்டதில்லை. 'அப்பல்லாம் அதுதான் ஆம்பளத்தனம்' என்பார். பிறகு முப்பது வருடம் ரைஸ் மில். இதில் எது காதைக் கெடுத்தது என்று யாரும் பிரித்துச் சொல்ல முடியாது. பேத்தி பேசினால் இப்போது பாதி வார்த்தைகள் அவருக்கு எட்டுவதில்லை. சோழவரத்துக் கதையை மட்டும் ஒரு எழுத்து விடாமல் சொல்வார்.

ஆகவே காதுக்குப் பாதுகாப்பு உங்களுக்கு மட்டுமில்லை, கூட வரும் அம்மான் மகனுக்கும் சேர்த்து வாங்குங்கள். நீங்கள் கேட்ட ஹெட்போன், சத்தத்தை ரத்து செய்கிற வகை என்றால், ரயில் ஏசியின் உறுமல், பஸ் இன்ஜின் போன்ற ஒரே சீரான சத்தத்துக்கு நல்லது. போகிற வழியில் போட்டுக்கொள்ளுங்கள். கியர் குறைக்கும்போது 'பட் பட்' என்று வெடிக்கிற சத்தத்தை அதால் பிடிக்க முடியாது, பிடிப்பதற்குள் காதுக்குள் வந்துவிடும். தடத்துக்குப் பக்கத்தில் வேண்டியது தொழிற்சாலைகளில் காதை முழுக்க மூடிப் போடுகிற இயர்மஃப். கன்னத்தோடும் மண்டையோடும் ஒட்டி உட்கார வேண்டும். தொப்பியின் விளிம்போ, தடிச்ச கண்ணாடிக் காம்போ இடையில் வந்தால் அந்த இடுக்கு வழியாகவே சத்தம் நுழைந்துவிடும்.

இன்னொன்று காதுக்குள் வைக்கும் ஃபோம் இயர்ப்ளக். பத்துப் பேரில் எட்டுப் பேர் இதைத் தப்பாக வைக்கிறார்கள் என்பது என் அனுபவம். கை கழுவிவிட்டு, விரலால் உருட்டி ஒல்லியாக்கி, மறு கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுவந்து காது மடலை மேலும் பின்னும் இழுத்துப் பிடித்து, உள்ளே விட்டு, விரிகிற வரை அரை நிமிடம் விரலால் அழுத்திப் பிடிக்க வேண்டும். வெளியே துருத்திக்கொண்டு நின்றால் அது அலங்காரம். பெட்டியில் 33 டெசிபெல் குறைக்கும் என்று போட்டிருந்தால் பாதியை நம்புங்கள், அதற்கு மேல் கிடைத்தால் லாபம். ப்ளக்கும் மஃப்பும் சேர்த்துப் போட்டால் இரண்டின் எண்ணையும் கூட்டிவிடக் கூடாது, கூடுதலாக ஐந்து டெசிபெல் அளவுக்குத்தான் கிடைக்கும். அந்த ஐந்தும் நல்லதே.

உங்களுக்கென்று ஒரு சங்கதி. ஃபோம் ப்ளக் கீச்சு ஒலிகளை அதிகமாகவும் கனத்த ஒலிகளைக் குறைவாகவும் அடைக்கும். இன்ஜின் போர்வைக்குள்ளிருந்து உறுமுவது போலக் கேட்கும். இன்ஜினைக் காதால் அடையாளம் சொல்கிற ஆளுக்கு அது பாதி ரேஸ் போன மாதிரி. இசைக் கலைஞர்கள் போடுகிற வடிகட்டி வைத்த ப்ளக் என்று ஒன்று விற்கிறது. அது எல்லா ஒலியையும் ஏறக்குறைய ஒரே அளவில் குறைப்பதால் இன்ஜினின் குரல் மாறாது. குறைக்கும் அளவு ஃபோமைவிடக் கம்மி. அதனால் கார்கள் தடம் முழுக்கப் பரவி ஓடும்போது அது மட்டும், ஸ்டார்ட்டின்போது அதற்கு மேலே மஃப்பும், என்று வைத்துக்கொள்ளலாம். ஐந்து சிவப்பு விளக்குகள் ஒவ்வொன்றாக எரியத் தொடங்கும்போதே மஃப் காதில் இருக்கட்டும். விளக்கு அணைந்த பிறகு தேடாதீர்கள்.

காதுக்குள் ஒரு பொருள் இருப்பதையே சகிக்க முடியாத ஆட்டிசக்காரர்கள் நிறையப் பேர். நீங்களும் அப்படியென்றால் மஃப் மட்டும் போதும். எதுவானாலும் போகிற அன்று புதுசாகப் போடாதீர்கள். இரண்டு வாரம் முன்பே வீட்டில் தினம் பத்து நிமிடம் போட்டுப் பழகுங்கள். பத்து நிமிடம் என்றால் பத்து நிமிடம்தான். வீட்டில் நாள் முழுக்க மாட்டிக்கொண்டே திரிந்தால் சாதாரணச் சத்தமும் பெரிதாகத் தெரிய ஆரம்பித்துவிடும்.

இதற்கு நேர் எதிரான தப்பை நானே செய்திருக்கிறேன். தொழிலுக்கு வந்த புதிதில், மிக்சிக்கு அழுகிற ஒரு பையனின் அம்மாவிடம் 'பக்கத்துல நிக்க வைங்க, கேட்டுக் கேட்டுப் பழகிரும்' என்று சொல்லி அனுப்பினேன். பழகவில்லை. அடுப்படிக்குள் வருவதையே நிறுத்திவிட்டான். சுவிட்சை அவன் கையில் கொடுத்திருந்தால் கதை வேறாக இருந்திருக்கும் என்று எனக்குப் புரிய வருடங்கள் ஆயின. உங்களுக்கும் அந்தச் சுவிட்சுதான் வேண்டும்.

ரேஸில் அந்தச் சுவிட்சு தூரமும் நேரமும். திறந்தவெளியில் இருக்கிற தூரத்தை இரண்டு மடங்காக்கினால் ஏறத்தாழ ஆறு டெசிபெல் குறையும். வேலியிலிருந்து இருபது மீட்டரில் நிற்பவர் நாற்பதுக்குப் போனால் போதும். காசு செலவில்லாத இயர்ப்ளக். நெஞ்சுக்கூடு அதிர்வதாகச் சிலர் சொல்வார்கள். அதற்கு மஃப் உதவாது, தூரம் மட்டும்தான் உதவும். ஸ்டார்ட் கோடு இருக்கிற நேர்ப்பாதையைத் தவிருங்கள், முதல் ஐந்து நிமிடத்துக்காவது. பிரேக் பிடித்து வளைவுக்குள் நுழையும் இடத்தில்தான் அந்த 'பட் பட்' அதிகம், அதையும் தவிருங்கள். வளைவிலிருந்து வெளியேறி வேகமெடுக்கும் இடத்தில் சத்தம் படிப்படியாக ஏறும், எனக்குத் தெரிந்து உங்களுக்குப் பிடிக்கப் போவது அதுதான். தகரக் கூரைக்குக் கீழே உட்கார இடம் கொடுத்தால் நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்துவிடுங்கள், குடை பிடித்துக்கொள்ளலாம். நம் வளவு மாதிரியேதான் அந்தத் தகரமும்.

நேரத்தைப் பொறுத்தவரை, பந்தய வாரம் என்றால் வழக்கமாக வெள்ளிக்கிழமை பயிற்சி, அப்புறம் தகுதிச் சுற்று, ஞாயிறு வரை பந்தயங்கள். கூட்டமெல்லாம் ஞாயிறுதான். நீங்கள் வெள்ளிக்கிழமை போங்கள். கார் அதே கார், கூட்டம் மட்டும் இருக்காது. எல்லாக் கார்களும் ஒன்றாகக் கிளம்புகிற அந்தப் பெரும் சத்தமும் பயிற்சியில் கிடையாது, ஒன்றொன்றாகத்தான் வரும். அது நன்றாகப் போனால் ஞாயிற்றுக்கிழமையை அடுத்த தடவைக்கு யோசிக்கலாம். நேர அட்டவணையை முன்கூட்டியே கேட்டு வாங்கி, எந்த வகுப்பு எத்தனை மணிக்கு என்று உங்கள் கணக்கு நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். அட்டவணை தாமதமாகும் என்பதையும் அதே நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். தாமதமே உங்களை உலுக்கிவிடும் என்பதால் சொல்கிறேன். பைக் பந்தயம் இடையில் வந்தால் கவனம், அதன் குரல் கீச்சானது. கோயம்புத்தூர் செட்டிபாளையத்தில் இருக்கும் கரி ஸ்பீட்வே இதைவிடச் சின்னது, இன்னும் எளிதான தொடக்கம் வேண்டுமென்றால் அதையும் யோசிக்கலாம். சத்தமே வேண்டாமென்றால் 2023 பிப்ரவரியில் ஹைதராபாத்தில் ஓடிய ஃபார்முலா இ மாதிரி மின்சாரக் கார்கள் இருக்கின்றன என்று யாராவது சொல்வார்கள். அதைக் கேட்டு உங்கள் முகம் போகிற போக்கை என்னால் இங்கிருந்தே பார்க்க முடிகிறது.

அம்மான் மகனிடம் பேச வேண்டியது ஒன்று இருக்கிறது. உங்களுக்குப் பேச்சு நின்றுபோகும் என்று எழுதியிருக்கிறீர்கள். அப்போது 'என்னடா ஆச்சு, தண்ணி வேணுமா, போயிருவமா' என்று அவர் கேட்கும் ஒவ்வொரு கேள்வியும் இன்னொரு சத்தம்தான். ஒரு கைச்சைகை பேசி வைத்துக்கொள்ளுங்கள். சட்டைப் பொத்தானைத் தொட்டால் காருக்குப் போக வேண்டும், அவ்வளவுதான், காரணம் கேட்கக் கூடாது. ஏசி போட்டு, கண்ணாடி ஏற்றி, இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கிற கார்தான் அங்கே உங்களுக்கு வீட்டின் இரண்டாம் கட்டு மாதிரி, ஒதுங்கி உட்கார ஓர் இடம். ரயிலில் போனால் தாம்பரத்திலிருந்து ஒரு வாடகைக் காரை நாள் முழுக்க நிறுத்தி வைத்துக்கொள்வது செலவுதான், ஆனால் இதில் மிச்சம் பிடிக்காதீர்கள். அவர் பக்கத்தில் இல்லாத நேரத்துக்கு, 'எனக்கு ஆட்டிசம். இப்போது பேச முடியவில்லை. அமைதியான இடம் வேண்டும்' என்று ஒரு அட்டையில் எழுதிப் பையில் வையுங்கள். வாசலில் நிற்பவர்களிடம் மஃப்பையும் பையையும் பற்றி விளக்கம் சொல்ல நேர்ந்தால் தயங்க வேண்டாம். 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் ஆட்டிசம் இருக்கிறது, பண்பாட்டிலும் பொழுதுபோக்கிலும் சமமாகப் பங்கேற்பதைப் பற்றி அதன் 29-ஆம் பிரிவு பேசுகிறது.

சாப்பாடு கையோடு கொண்டுபோங்கள், தெரியாத மணம் இன்னொரு தொல்லை. ஆத்தா கண்டிப்பாகத் தேன்குழலும் சீப்புச் சீடையும் கட்டிக் கொடுப்பார்கள். அதை ரயிலில் தின்று முடித்துவிடுங்கள். காதை அடைத்துக்கொண்டு மொறுமொறுப்பாக எதைக் கடித்தாலும் அந்தச் சத்தம் மண்டைக்குள்ளேயே நிற்கும், தாங்காது. தடத்தில் இட்லிதான்.

அப்பச்சியிடம் இந்தப் பதிலைக் காட்டுங்கள். அவர்களுக்கு ஒரு வரி: அமெரிக்காவில் அர்மானி வில்லியம்ஸ் என்று ஒரு பையன், ஆட்டிசம் உள்ளவர் என்று வெளிப்படையாகச் சொல்லிக்கொண்டு 2021-இல் நாஸ்கார் என்ற அந்த நாட்டுப் பந்தயத் தொடரின் டிரக் பிரிவில் ஓட்டினார். பார்க்கப் போனவர் இல்லை அப்பச்சி, ஓட்டினவர். உங்கள் மகன் வேலிக்கு நாற்பது மீட்டர் தள்ளி நிற்கத்தான் கேட்கிறான்.

போய் வந்த மறுநாளுக்கும் லீவு சொல்லிவிட்டுப் போங்கள். மூளை அந்த நாளைச் செரிக்க நேரம் எடுக்கும், கணக்குத் தப்பாகும். வந்த பிறகு காதில் 'ங்ங்' என்று இரைச்சலோ, பஞ்சு வைத்த மாதிரி மந்தமோ இருந்தால், உங்களுக்குக் கிடைத்த அளவு கூடிவிட்டது என்று பொருள். அடுத்த தடவை இன்னும் தள்ளி நில்லுங்கள். இரண்டு நாளுக்கு மேல் நீடித்தால் காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பாருங்கள். இரைச்சல் நிற்காமல் கேட்டுக்கொண்டே இருந்தால், சந்தோஷத்தில் மஃப்பைக் கழற்றிவிட்டீர்களா என்று நானே கேட்பேன்.

கிளம்புவதற்கு ஒரு மாதம் முன்பு என்னிடம் ஒரு தடவை வந்து போங்கள். ஊருணியில் குளிக்கிற பழக்கம் இருந்தால் கட்டாயம் வாருங்கள், காதில் புண்ணோ அழுக்கோ இருக்கும்போது ப்ளக் வைக்கக் கூடாது. இப்போதைய கேட்கும் அளவைக் குறித்து வைத்துக்கொள்வோம், பின்னால் ஒப்பிட்டுப் பார்க்க உதவும். ப்ளக்கும் கொண்டு வாருங்கள், வைக்கிற விதம் பார்க்கிறேன். புதன்கிழமை மதியம் கூட்டம் இருக்காது. காத்திருக்கிற இடத்தில் ஒரு டிவி எந்நேரமும் ஓடிக்கொண்டிருக்கும். அன்றைக்கு அணைத்து வைக்கச் சொல்கிறேன்.